பஸ்ஸைத் துரத்திய கொங்கிரீட் லொறி

போன வருடம், பெரஹரா ஊர்வலக் கூட்டமெல்லாம் ஓய்ந்து கண்டி பழையபடி மூச்சுவிட ஆரம்பித்திருந்த நாட்கள். பல்லேகலப் பக்கம் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்றாம் மாடிக்கு ஸ்லாப் போட்ட அன்று காலையில் நடந்தது இது. அங்கங்கே முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த சைட்டில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எல்லாரும் ‘டீ.ஓ. மிஸ்’ என்பார்கள். கம்பி ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா, பலகை இறுக்கமாக அடித்திருக்கிறதா, லொறியில் வருகிற கொங்கிரீட் தண்ணியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெண். வந்த புதிதில் ஏணியில் ஏறவே கூச்சப்படுவேன். ஏறினால் கீழே நிற்பவர்கள் பார்ப்பார்களே என்று மேலே போகாமல் கீழேயே நின்று சமாளிப்பேன்.

அந்தக் கூச்சத்தைப் போக்கியவர் கம்பி கட்டும் குழுவுக்குத் தலைவராக இருந்த ஓர் அண்ணன். மடுல்கெல்லப் பக்கத் தோட்டத்துக்காரர். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். ஊர் தெரிந்த அன்றிலிருந்து என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டுத் ‘தங்கச்சி’ என்றார். “மேல வாங்க தங்கச்சி, கம்பிய மேல வந்து பாத்தாத்தான தெரியும்” என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, தன் ஆட்கள் எல்லாரையும் வேறு பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுவார். அவர்களும் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி திரும்பி நிற்பார்கள். அப்படித்தான் நான் ஏணி ஏறப் பழகினேன்.

ஸ்லாப் போடுகிற நாளைப் பார்த்திருக்கிறீர்களா? சைட்டில் அது திருவிழா மாதிரி. விடிந்ததும் விடியாததுமாகக் கொங்கிரீட் லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் பெரிய உருளை சுழன்றுகொண்டே இருக்கும். பம்ப் உறுமும். தடித்த குழாய் யானைத் தும்பிக்கை போல ஆடி ஆடிக் கொங்கிரீட்டைத் துப்பும். ஒருவர் இழுப்பார், ஒருவர் தள்ளுவார், ஒருவர் மட்டம் பார்ப்பார். தொடங்கிவிட்டால் முடிக்கும்வரை யாரும் உட்கார மாட்டார்கள். இதற்கெல்லாம் மேலே எங்கள் போர்மனின் குரல் கேட்கும். அவர் கெங்கல்லையைச் சேர்ந்த சிங்களவர், ஆள் பெரிய உருவம். பம்ப் சத்தத்தையும் தாண்டித் திட்டக்கூடியவர்.

அன்றைக்கும் அதே அமர்க்களம்தான். வானம் வேறு வெளுத்து நன்றாக இருந்தது. மழை வராது என்ற சந்தோஷத்தில் எல்லாரும் ஒரு துள்ளலோடு வேலை செய்தார்கள். நான் முதல் லொறியின் கொங்கிரீட்டைச் சோதித்துவிட்டு மேலே ஏறினேன். கொங்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி விலகும். அதைச் சரிசெய்ய கம்பி அண்ணன் எப்போதும் கூடவே நிற்பார். அன்று அவரைக் காணவில்லை.

அவர் குழுவில் ஒரு முஸ்லிம் நானா இருந்தார், தெல்தெனியக்காரர். இருவரும் பல வருடமாகச் சேர்ந்து வேலை செய்பவர்கள். கம்பியைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்த அவரிடம், “அண்ணன் எங்க?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து கையிலிருந்ததைக் காட்டினார். கம்பி முறுக்குகிற கொக்கி. மரப்பிடி போட்டது, கைபட்டு வழவழத்துப் போனது. கம்பி அண்ணனுடைய கொக்கி. அதை அவர் யாரையும் தொடவிட மாட்டார்.

“காலைல இத தந்துட்டுப் பெய்த்தாரு மிஸ். இனி இது ஒங்களுக்குத்தான்னு சென்னாரு. எனக்கு ஒண்டும் வெளங்கல்ல” என்றார் நானா.

காலையில் கம்பியைப் பார்வையிட்டபோது அவர் என்னிடம் சொன்னது அப்போதுதான் உறைத்தது. “என் வேலையில ஏதாச்சும் பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க தங்கச்சி.” ஸ்லாப் நாளில் எல்லாரும் பேசுகிற பேச்சுத்தானே என்று நான் சிரித்துவிட்டுப் போயிருந்தேன். யோசித்துப் பார்த்தால் சில மாதமாகவே அவர் முன்பு மாதிரி இல்லை. சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துவிட்டு அப்படியே மூடி வைப்பார். கண் எப்போதும் சிவந்திருக்கும். கேட்டால், “வெயிலு” என்பார்.

அந்த இடத்திலேயே போன் எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. நானா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணன் எடுத்தார்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“கெளம்பிட்டேன் தங்கச்சி. கம்பி வேலைதான் முடிஞ்சிருச்சே. எல்லாம் சரியா இருக்கு. நீங்க கொங்கிரீட்டப் பாருங்க.”

அந்தக் குரல் இருக்கிறதே, அவ்வளவு அமைதி. அழுதிருந்தால்கூட நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு பஸ் கண்டக்டர் கூவுவது கேட்டது. “திகன, தெல்தெனிய, தெல்தெனிய!”

அவர் வீட்டுக்குப் போவதென்றால் வத்தேகம பக்கம் போகவேண்டும். தெல்தெனியப் பக்கம் அவருக்கு என்ன வேலை? அங்கே அவருக்கு யாருமே இல்லை. அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர்தான். அந்த நண்பரோ என் பக்கத்தில் கொக்கியோடு நிற்கிறார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் சுகாதாரப் பகுதியிலிருந்து ஓர் அம்மா எங்கள் சைட்டுக்கு வந்து, சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், அதெல்லாம் வந்தால் என்ன செய்வது என்று. அவர் சிங்களத்தில் பேச, தமிழ் ஆட்களுக்காக நான் மொழிபெயர்த்தேன். ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கும் எப்போது முடியும் என்றிருந்தது. ‘ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டபிறகு அவரைத் தனியாக விடாதீர்கள்’ என்று அவர் சொன்னதை, நான் தடுமாறித் தடுமாறித் தமிழில் சொன்னேன். வாய்தான் சொன்னது, மனம் மதியச் சாப்பாட்டில் இருந்தது.

அந்த வார்த்தைகள் எங்கே ஒளிந்திருந்தனவோ தெரியாது. அந்த நேரம் அப்படியே நாக்கில் வந்து நின்றன. பம்ப் உறுமுகிறது, போர்மன் திட்டுகிறார், என் கால்சட்டை முழுக்கக் கொங்கிரீட். நான் கேட்டேன்.

“அண்ணே, நான் நேராவே கேக்குறேன். கோவிச்சுக்காதீங்க. சாகணும்னு நெனைக்கிறீங்களா?”

நானா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். போனில் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்துவிடுவார், கொன்றுவிட்டேன், கேட்டே கெடுத்துவிட்டேன் என்று எனக்குள் ஓடிய ஓட்டத்தைச் சொல்ல முடியாது.

“ஆமா தங்கச்சி” என்றார்.

சீமெந்து மூட்டையைச் சுமந்து வந்தவர் அதைத் தோளிலிருந்து இறக்கும்போது ஒரு மூச்சு விடுவாரே, அப்படி ஒரு மூச்சு அதற்குப் பின்னால் வந்தது.

“நான் வர்றேன்ணே. நான் வர்ற வரைக்கும் போன வைக்காம பேசிக்கிட்டு இருங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“எதுக்குத் தங்கச்சி, அங்க கொங்கிரீட் ஓடுது.”

“ஓடட்டும்ணே.”

போனைக் காதிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு போர்மனிடம் ஓடினேன். ஓடினேன் என்றால், ஈரக் கொங்கிரீட்டில் கணுக்கால்வரை புதைந்து புதைந்து போனேன். அவர் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். போனின் வாயைப் பொத்திக்கொண்டு சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவு பெரிய மனிதரின் முகம் நொடியில் வெளுத்துப்போனது. சைட்டிலிருந்த ஒரே வாகனம் ஒரு டபுள் கெப். அது வரிசையாக நின்ற லொறிகளுக்குப் பின்னால் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. எடுக்கவே முடியாது. போர்மன் ஸ்லாப்பின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். கொங்கிரீட்டைக் கொட்டி முடித்த முதல் லொறி அப்போதுதான் வாசலைத் தாண்டப் போனது.

அவர் போட்ட சத்தம் திகனவரை கேட்டிருக்கும். அந்த டிரைவர் பிரேக்கை மிதித்து, தலையை வெளியே நீட்டினார். இரண்டு பேர் வருகிறார்கள், அவர்கள் சொல்கிற இடத்துக்குப் போ என்றார் போர்மன். நேரே திரும்பாவிட்டால் கம்பெனியில் ஏசுவார்கள் என்று டிரைவர் கத்தினார். என்னை ஏசச் சொல் என்று இவர் கத்தினார். பிறகு என் கையிலிருந்த சோதனைச் சாமானைப் பிடுங்கிக்கொண்டு, “துவ, போ!” என்றார். மகளே, போ. அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

நானாவும் நானும் ஏணியில் எப்படி இறங்கினோம் என்று ஞாபகமில்லை. லொறியில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் ஒரு கால் சப்பாத்து கொங்கிரீட்டோடு மேலேயே போய்விட்டது தெரிந்தது.

கொங்கிரீட் லொறியில் நான் அதற்குமுன் போனதில்லை. கப்பல் மாதிரி உயரம். பின்னால் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே ஒட்டியிருப்பது இறுகிவிடக்கூடாது என்று அதை நிறுத்தவில்லை. முன்கண்ணாடியில் புத்தர் படம், மல்லிகைச் சரம். டிரைவர் என் வயது இருக்கும். விஷயத்தை நானா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னதும், அவர் கியரைப் போட்டார். கைப்பிடியை இறுக்கிப் பிடியுங்கள் என்று சைகை காட்டினார். பெரிய ஹார்ன் ஒன்று இருந்தது, அதை அழுத்தினார். முன்னால் போன ஓட்டோக்கள் எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி ஓரம் ஒதுங்கின. பிரைவேட் பஸ்தானே மிஸ், ஆள் ஏற்ற ஏற்ற நின்றுதான் போவான், பிடித்துவிடலாம் என்றார்.

எனக்குப் போனில் பேசுவது கேட்கவே இல்லை, அவ்வளவு இரைச்சல். சீட்டிலிருந்து இறங்கிக் கீழே குந்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு கேட்டேன். அவர் பேசினார். நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். ‘ம், சொல்லுங்கண்ணே’ என்பதைத் தவிரப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தெரியும்?

அவருடைய மனைவியின் தம்பி, அவருக்கு மச்சான், சில மாதத்துக்கு முன் இங்கே கம்பி வேலை இல்லாத நாட்களில் கொழும்பில் ஒரு சைட்டில் இவரோடு வேலை செய்திருக்கிறார். உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டுகிற சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். உயிர் தப்பியது, கால்கள் போய்விட்டன. அந்தச் சாரத்தைக் கட்டியவர்களில் இவரும் ஒருவர்.

“நான் கட்டுனது தங்கச்சி. என் கையால கட்டுனது. கண்ண மூடுனா அவன் விழுந்த சத்தம் கேக்குது. தூங்கவே முடியல. வீட்டுல யார் மூஞ்சியையும் பாக்க முடியல.”

‘உங்க மேல தப்பில்லண்ணே’ என்று வாய்வரை வந்தது. அது எனக்கு எப்படித் தெரியும்? விழுங்கிவிட்டேன். “இத யாருகிட்டயாச்சும் சொல்லிருக்கீங்களாண்ணே?” என்று மட்டும் கேட்டேன்.

“இப்பதான் ஒங்ககிட்ட சொல்றேன்.”

அந்த நேரம் பார்த்து லைன் அறுந்தது.

கெங்கல்லையைத் தாண்டி ஒரு வளைவு. திருப்பித் திருப்பி போன் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. பிறகு போன் மணியே போகவில்லை. நானா கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், காலை அழுத்தினார். அவ்வளவு பெரிய லொறி வளைவில் சாய்ந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்றுதான் இருந்தது. ரோட்டில் ஒரு பஸ் தெரிந்தது, அது கண்டிக்குப் போகிற பஸ். இன்னொன்று தெரிந்தது, அது பாக்டரி ஆட்களை ஏற்றுகிற பஸ். அழுகை வந்தது.

கையிலிருந்த போன் அடித்தது.

அவருடைய நம்பர்! அவரே எடுத்திருந்தார்! “லைன் கட்டாயிருச்சு தங்கச்சி. அதான் நானே எடுத்தேன். பயந்துட்டீங்களா?” என்றார். நான் போட்ட சத்தத்தில் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டிருப்பார். சாகப் போகிற மனிதர் என்று நினைத்தேன், அவர் நான் பயப்படுவேன் என்று திரும்ப எடுத்திருக்கிறார். பேச இன்னும் ஆசை இருக்கிறது. அவருக்குள் இருந்து ஒருவர் கையை நீட்டுகிறார். எனக்குப் புது உயிர் வந்தது.

“என்ன தங்கச்சி அது, அங்க அவ்வளவு சத்தம்?”

“கொங்கிரீட் லொறிண்ணே.”

“சைட்டுலயா இருக்கீங்க?”

அப்போது டிரைவர் முன்னால் கையைக் காட்டினார். திகனவுக்குச் சற்று முன்னால், ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஆள் ஏற்றிவிட்டு மெதுவாக நகரும் தெல்தெனிய பஸ். பின் கண்ணாடியில் கடைசி சீட்டுத் தலைகள் தெரிந்தன.

“இல்லண்ணே. பின்னால திரும்பிப் பாருங்க.”

ஒரு தலை திரும்பியது. அந்தக் கண்ணாடிக்குள் அவர் முகம். அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உருளை சுற்ற, ஹார்ன் அலற, ஒரு பூதம் மாதிரி துரத்திக்கொண்டு வரும் லொறி. உள்ளே கொங்கிரீட் பூசிய நானும், இரண்டு கையையும் ஆட்டுகிற நானாவும்.

“ஐயோ தங்கச்சி” என்றார் போனில். “மிக்ஸரையா கொண்டாந்தீங்க?” அது அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டிரைவர் லைட்டை அடித்து அடித்து பஸ்ஸை ஓரம் கட்டவைத்தார். லொறி நிற்கும்முன்பே நானா குதித்துவிட்டார். தன் பஸ்ஸில் லொறி முட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கண்டக்டர் சண்டைக்கு வந்தார். ஒரு காலில் சப்பாத்தோடு நின்று நான் அவரிடம் சிங்களத்தில் சொன்னேன், உள்ளே இருப்பவர் எங்கள் அண்ணன், சுகமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறோம் என்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே ஏறி, அண்ணனுடைய பையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். மரக்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பஸ் முழுக்க ஆட்கள். ஒருவர்கூட ‘சீக்கிரம்’ என்று சொல்லவில்லை.

நானா கடைசி சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது படியில் நின்ற எனக்கும் கேட்டது.

“நீங்க தந்த கொக்கி எனக்குத் தேவல்ல. நீங்கதான் எனக்குத் தேவ. எழும்புங்க, போவோம்.”

கம்பி அண்ணன் எழும்பினார்.

ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக, நான்கு பேரும் அந்த லொறியில் நெருங்கி உட்கார்ந்தோம். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. தன் காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கிம்புலா பனிஸ் என்ற இனிப்பு ரொட்டியைப் பிய்த்து, பெரிய பாதியை அண்ணனிடம் கொடுத்தார். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். கொஞ்சம் போனபிறகு சாப்பிட்டார். கொங்கிரீட் லொறி ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பியபோது காவலாளி விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். புதுக் கட்டடத்துக்குச் சாமான் வருகிறது என்று நினைத்திருப்பார்!

அங்கே இருந்த டாக்டர் ஓர் இளம் பெண். தமிழ் கொஞ்சம்தான் வரும், வந்ததை வைத்து நிதானமாகப் பேசினார். நான் கேட்ட அதே கேள்வியை அவரும் நேராகவே கேட்டார், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதுபோல. அண்ணனும் மறைக்காமல் பதில் சொன்னார். அவரை ஆஸ்பத்திரியில் தங்கவைத்தார்கள். இதற்கு மருந்து இருக்கிறது, பேசிக் குணப்படுத்தும் வழி இருக்கிறது, அவசரப்படாமல் கூடவே இருங்கள் என்று டாக்டர் சொன்னபோது, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொங்கிரீட் கை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

வெளியே வந்து போர்மனுக்குப் போன் எடுத்தேன். “கிடைத்தாரா?” என்பதைக்கூட அவரால் முழுதாகக் கேட்க முடியவில்லை. கிடைத்துவிட்டார், டாக்டரிடம் இருக்கிறார் என்றேன். அவர் போனை வைக்க மறந்துவிட்டார். “ஹம்புனா! ஹம்புனா!” கிடைத்துவிட்டான், கிடைத்துவிட்டான் என்று அவர் கத்துவது கேட்டது. அதற்குப் பின்னால், மூன்றாம் மாடியில் நின்ற அத்தனை பேரும் போட்ட கூச்சலும் விசிலும். பம்ப் ஓடுகிற சத்தம் அதில் அமுங்கிப்போனது. பல்லேகல மைதானத்தில் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தால்கூட அப்படி ஒரு சத்தம் வராது. நானாவும் நானும் ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று போனை நடுவில் வைத்துக் கேட்டோம். இருவருக்கும் கண்ணீர் ஓடுகிறது, இருவரும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறோம். போகிறவர்கள் எல்லாம் எங்களைத்தான் முதலில் உள்ளே சேர்க்கவேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

மத்தியானம் கம்பி அண்ணனின் மனைவி மடுல்கெல்லையிலிருந்து வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் நானும் நானாவும் பார்க்கப் போயிருந்தபோது, சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த மச்சான். விபத்துக்குப் பிறகு கம்பி அண்ணன் ஒரு தடவைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லையாம். எந்த முகத்தோடு பார்ப்பது என்று போகவில்லை. அண்ணன் அவரைக் கண்டதும் கட்டிலில் சுவர் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

மச்சான் விடவில்லை. நாற்காலியைக் கட்டிலில் போய் இடிக்கவைத்துவிட்டு, வார்ட் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

“ஏன் மச்சான், காலு போனது எனக்கு. நீங்க ஏன் நடந்து வந்து பாக்கல? வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் ஐயோ பாவம்னு பாத்துட்டுப் போறாங்க. நீங்க வந்தா சீட்டு வெளையாடலாம்னு நான் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அண்ணன் திரும்பி, மச்சானின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அதற்குமேல் அங்கே நிற்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. அவர் வேலைக்குத் திரும்பப் பல வாரம் எடுத்தது. இப்போதும் கிளினிக்குக்குப் போகிறார், மருந்து எடுக்கிறார். சில நாள் முகம் இருண்டுபோய் வரும். அன்றைக்கு நானாவிடம் சொல்லிவிடுவார். “இன்னைக்கு மனசு சரியில்ல” என்று. நானா அவரை உயரத்தில் ஏறவிடாமல் கீழே கம்பி வளைக்க வைத்துக்கொள்வார். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கொக்கியை, அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே நானா திருப்பிக் கொடுத்துவிட்டார். “பிடி சொகமா இல்ல” என்று அதற்குக் காரணம் வேறு சொன்னார்.

சைட்டிலும் ஒன்று மாறியது. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் போர்மன் எல்லாரையும் நிறுத்தி ஹெல்மட், பெல்ட், சப்பாத்து என்று சத்தம் போட்டுப் பார்ப்பார். இப்போது கடைசியில், “ராத்திரி எல்லாரும் தூங்கினீங்களா?” என்று தன் கொச்சைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்கிறார். முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர், “பொண்டாட்டி தூங்க விடல்ல ஐயா” என்றார். போர்மன் சிரிக்கவில்லை. மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். பிறகு ஒரு காலையில், பலகை அடிக்கிற ஒருவர் கையைத் தூக்கினார். திடகாத்திரமான ஆள், எல்லாரையும் கேலி செய்பவர். “நான் தூங்கல்ல. கொஞ்ச நாளா தூங்கவே இல்ல” என்றார். யாரும் சிரிக்கவில்லை. வரிசையிலிருந்து ஒருவர் நகர்ந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். நகர்ந்தவர் கம்பி அண்ணன். எனக்கு அந்த இடத்தில் கைதட்ட வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன். அன்று மாலை அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக கிளினிக்குக்கு பஸ் ஏறினார்கள்.

‘எப்படி இருக்கீங்க?’ என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் கேட்கிறோம், கேட்டுக்கொண்டே தாண்டிப் போய்விடுகிறோம். அந்த ஸ்லாப் நாளுக்குப் பிறகு யாரிடம் அதைக் கேட்டாலும், பதில் முழுதாக வந்து முடியும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.